ஈறு காத்துப் பல் காப்போம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)

அவைத் தலைவர் அவர்களே! செயலாளர் அவர்களே! திரளாக வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே, குழந்தைச் செல்வங்களே! உங்கள் யாவர்க்கும் என் பணிவான வணக்கம்.

'வணக்கம்' என்னும் சொல்லை இன்று நான் திருத்தமாகச் சொன்னதை நீங்கள் கவனித்திருக்கலாம். சென்ற ஆண்டு இதே மேடையில் நன்றியுரை கூற எழுந்தேன். மூன்றாவது வாக்கியம் முடியுமுன், மேல்வரிசையின் முன்புறத்தில் ஒட்டவைத்திருந்த இரண்டு செயற்கைப் பற்கள் கழன்று என் நாவின்மேல் விழுந்தன. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எஞ்சியதைச் சொல்லி முடித்தேன். இறுதியில் சொன்ன வணக்கம் வெறுங் காற்றாகவே வெளிவந்தது. முன்வரிசைக் குழந்தைகள் சிரித்தனர். அவர்களை நான் குறை கூறேன். நானும் அவ்வயதில் சிரித்திருப்பேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வகர எழுத்து, மேற்பல்லும் கீழுதடும் பொருந்துவதால் பிறப்பது என்று தொல்காப்பியர் பிறப்பியலிலே கூறியிருக்கின்றார். தகரமும் நகரமும் பிறப்பதற்கு நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று தீண்ட வேண்டும். பல் போனால் சொல் போயிற்று என்று நம் பாட்டிமார் சொல்வது வெறும் வேடிக்கைப் பேச்சன்று; அஃது இலக்கணத்துக்கும் ஒத்த உண்மை. தமிழ் பேசுவதற்கென்றே கூடியிருக்கும் இச்சங்கத்தில் பல்லைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகாது என்று எண்ணியே, இவ்வாண்டு உடல்நலம் குறித்து ஒருவர் பேசவேண்டும் எனச் செயலாளர் கூறியபோது, அப்பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் மருத்துவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, ரெயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் குமாஸ்தா. எனவே நான் பட்டதையும், மருத்துவர்களிடம் கேட்டதையும், பிறகு படித்தறிந்ததையுமே கூறப் போகின்றேன்.

எனக்கு நாற்பது வயது நிரம்பியபோது பல் துலக்குகையில் இரத்தம் வரலாயிற்று. துலக்கினால்தானே இரத்தம் வருகின்றது என்று கருதி, அழுத்தித் துலக்குவதை விட்டேன். பிறகு அந்த இடத்தைத் தொடுவதையே விட்டேன். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கமும் அக்காலத்தில் எனக்கிருந்தது. நம் ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கும் நண்பர்கள் பலர் உறக்கத்தை விரட்ட இப்பழக்கத்தை நாடுவதை நீங்கள் அறிவீர்கள். அலுவலகக் குமாஸ்தாவுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

ஈறில் இரத்தம் வருவது துலக்கியதால் அன்று, சரியாகத் துலக்காததால். பல்லின் அடியிலே நாள்தோறும் கிருமிப்படலம் ஒன்று படிகின்றது. அதை அகற்றாவிடில் உமிழ்நீரிலுள்ள உப்புகள் சேர்ந்து அது காரையாக இறுகிவிடும். ஈறு வீங்கிச் சிவந்து இரத்தம் கசிவது நோயின் முதல் நிலை. அந்நிலையில் முறையாகச் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி திரும்பிவிடும். அதை அசட்டை செய்தால் நோய் உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைக்கும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்ந்து பழைய நிலையை அடைவதில்லை. மருத்துவர் செய்யக்கூடியது பெரும்பாலும் எஞ்சியதைக் காப்பதே.

எங்கள் துறையிலிருந்து ஓர் உவமை கூறுகின்றேன். தண்டவாளம் எஃகினால் ஆனதுதான். ஆனால் அதைத் தாங்கி நிற்பது அடியிலுள்ள கருங்கல் ஜல்லி. மழைநீர் ஜல்லியை அரித்துக்கொண்டு போய்விட்டால் எஃகு எவ்வளவு உறுதியாயிருந்தும் வண்டி ஓடாது. பல் எஃகு, எலும்பும் ஈறும் ஜல்லி. என் பற்களில் சொத்தை ஒன்றுகூட இல்லை. சொத்தையே இல்லாத இரண்டு முன்பற்களும், கீழ்வரிசையில் வலப்புறத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டும் ஆடி ஆடித் தாமே வீழ்ந்தன.

முன்பல் போனவுடன் எனக்கு நோய் பெரிதாகத் தோன்றவில்லை. வெட்கமே பெரிதாகத் தோன்றியது. யாரோ சொல்லக் கேட்டு ஒருவரிடம் சென்றேன். அவர் படித்துப் பட்டம் பெற்றவரா, பதிவு பெற்றவரா என்று நான் கேட்கவில்லை. "அரைமணி நேரத்தில் பல் வைத்துவிடலாம்" என்றார். அவ்வாறே வைத்தும் விட்டார். இரண்டு செயற்கைப் பற்களைக் கம்பியாலும் குழைத்த பிசினாலும் பக்கத்துப் பற்களோடு பிணைத்து விட்டார். கழற்றவே வேண்டாம் என்றார். அதைக் கேட்டு அன்று மகிழ்ந்தேன். அதுவே என்னைக் கெடுத்தது. கழற்ற முடியாத அந்தப் பிசினுக்கு அடியில் துலக்கி செல்லாது. உணவுத் துணுக்கு மட்டும் செல்லும். ஓராண்டுக்குள் வாய் நாற்றமெடுத்தது. வீட்டில் தனியே அமர்ந்து உண்ணத் தொடங்கினேன். பிணைக்கப்பட்டிருந்த பக்கத்துப் பற்கள் இரண்டும் ஆடலாயின. அதன் முடிவைத்தான் சென்ற ஆண்டு இம்மேடையில் நீங்கள் கண்டீர்கள்.

நம் நாட்டில் பல் மருத்துவம் முறையான கல்வியாக 1920 ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் டாக்டர் ரபியுத்தீன் அகமதுவால் தொடங்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பதிவு பெற்றவர்களே இத்தொழிலைச் செய்யலாம் என்று வகுத்தது. சென்னையில் 1953 ஆம் ஆண்டிலும், இந்த ஐதராபாத்தில் 1959 ஆம் ஆண்டிலும் அரசினர் பல் மருத்துவக் கல்விக்கு வழி செய்தனர். இவ்வளவும் இருக்க, அரைமணி நேரப் பல்லை நாடிச் சென்ற பேதைமை என்னுடையதே.

நிற்க. விழா முடிந்த மறுவாரம் ஒருநாள் விடுப்பெடுத்து, அப்சல்கஞ்சில் உஸ்மானியா மருத்துவமனைக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றேன். "ஐயா, நல்ல பல்செட்டு ஒன்று வேண்டும்" என்று கேட்டேன். அங்கிருந்த பெண் மருத்துவர் பல்செட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மெல்லிய அளவுகோல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் ஈறின் ஆழத்தை அளந்து எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாணவர் ஒருவர் எழுதிக்கொண்டார். இருபத்துநான்கு பற்களுக்கு 144 எண்கள். நோயற்ற ஈறில் அந்த ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்குமாம். 4-ம் அதற்கு மேலும் காணப்பட்டால் அங்கே பை விழுந்திருக்கின்றது என்று பொருள். என் கணக்கிலே 5-ம் 6-ம் மலிந்திருந்தன, ஓரிடத்தில் 9. நாள் முழுதும் எண்களோடு பழகும் எனக்கு அந்தத் தாளைக் கண்டவுடன் நிலைமை புரிந்துவிட்டது.

அடுத்து அவர், "உங்களுக்குச் சர்க்கரை உண்டா?" என்று வினவினார். இல்லை என்றேன். "பரிசோதித்ததுண்டா?" என்றார். அதற்கும் இல்லை என்றேன். பரிசோதித்ததில், உணவருந்தாத நிலையிலேயே 180-ஐத் தாண்டியிருந்தது. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று மருத்துவர்கள் கொள்வர். சர்க்கரை கட்டுப்படாதவர்க்கு ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறு நோய் முற்றியவர்க்குச் சர்க்கரை கட்டுப்படுவதும் கடினமாகும். ஒன்றுக்கொன்று துணைபோகும் பகைவர் இவ்விருவர். பல் கேட்கப் போன இடத்தில் என் உயிருக்கே தீங்கு செய்யவிருந்த நோய் ஒன்று அகப்பட்டது. அந்த இரண்டு பற்கள் மேடையில் விழாதிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு அதை அறியாதிருந்திருப்பேனோ!

பிறகு பல்லையும் வேரையும் சுத்தம் செய்யும் சிகிச்சை தொடங்கிற்று. இங்கே ஒரு தவறான கருத்தைக் குறிப்பிட வேண்டும். 'க்ளீனிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும்' என்று நம்மவர் பலர் அஞ்சுகின்றனர். உண்மை யாதெனில், அந்தச் சந்தை நிரப்பிக்கொண்டிருந்தது காரை; வீக்கம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. காரை அகன்று வீக்கம் வடிந்தபின், நோய் முன்பே உண்டாக்கிய இடைவெளி கண்ணுக்குத் தெரிகின்றது. புதிதாக ஒன்றும் விழவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தனர். பெரும்பாலான இடங்களில் 5-ம் 6-ம் குறைந்து 3-ம் 4-ம் ஆகியிருந்தன. பிசினால் பிணைக்கப்பட்டிருந்த இரண்டு பற்களில் ஒன்று தேறியது. 9 காட்டிய மற்றொன்றைக் காக்க இயலவில்லை, எடுத்துவிட்டனர். அது நன்றாயிருந்த பல். என் அவசரத்துக்குப் பலியானது. புண் ஆறும் வரை காத்திருந்த பிறகே பல்செட்டுக்கு அளவெடுத்தனர்.

கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட்டைப் பற்றி இனிக் கூறுவேன். எஞ்சிய பற்களைக் கொக்கிகளால் பற்றிக்கொண்டும், ஈறின்மேல் அமர்ந்தும் நிற்பது இது. இடைவெளிகள் வாயில் எங்கெங்கே அமைந்துள்ளன என்பதை வைத்து இதை நான்கு வகையாகப் பிரித்தவர் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு கென்னடி. 1925 ஆம் ஆண்டு அவர் வகுத்த முறையே இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றது. இருபுறமும் பல் உள்ள இடைவெளியில் செட்டு நன்கு நிற்கும். பின்னால் பல்லே இல்லாத இடத்தில் ஒருமுனை மட்டும் தாங்கப்பட்ட பலகைபோல் அசையும். அந்த அசைவு கொக்கி பிடித்த பல்லை ஆட்டும். ஏற்கனவே எலும்பு குறைந்தவர்க்கு இது பெருங்கவலை.

ஆகவேதான் ஈறு நோயாளர்க்குச் செட்டு அமைக்கும்போது மருத்துவர் மூன்றைக் கருதுகின்றார். முதலாவது, மெல்லும் பாரம் ஒரு பல்லின்மேலேயே விழாமல் பல பற்களுக்கும் அண்ணத்துக்கும் பகிரப்பட வேண்டும். இரண்டாவது, செட்டு ஈறுக்குள் அமிழாதபடி பல்லின்மேல் சிறு தாங்கிகள் அமர வேண்டும். தாங்கியில்லாத செட்டு நாளடைவில் அமிழ்ந்து ஈறைச் சீவிவிடும். மூன்றாவது, இயன்ற மட்டும் ஈறின் ஓரத்தை மூடாமல் விலகியிருக்க வேண்டும். மூடிய இடத்தில் படலம் சேரும்.

கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகச் சட்டத்தில் இவை மூன்றும் எளிதில் அமையும். அது மெல்லியது, உறுதியானது, விலை மிகுந்தது. 1930-களின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்த அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கில் செய்வது மலிவு; ஆனால் தடிமனாக இருக்கும், அதிக இடத்தை மூடும். எனினும் அதற்கு ஒரு நற்குணம் உண்டு: பின்னர் இன்னொரு பல் போனால் அதே செட்டிலே ஒரு பல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். என் பற்களில் ஒன்றிரண்டு இன்னும் நம்பத்தக்க நிலையை அடையவில்லையாதலால் முதலில் அக்ரிலிக்கே போதும் என்றனர். அதை அணிந்துகொண்டுதான் இப்போது உங்கள் முன் பேசுகின்றேன்.

கீழ்வரிசையில் போன கடைவாய்ப் பற்களுக்கும் செட்டுக் கேட்டேன். வேண்டாம் என்றார் மருத்துவர். ஒவ்வோர் இடைவெளியையும் நிரப்பியே தீரவேண்டும் என்பதில்லையாம். நெதர்லாந்து நாட்டின் கைசர் என்பார் 1981 ஆம் ஆண்டிலேயே, பின்பற்கள் சில இல்லாவிடினும் முன்னும் நடுவிலும் ஏறத்தாழ 20 பற்கள் ஒழுங்காக இருந்தால் பலர்க்குப் போதும் என்று காட்டினார். ஜப்பானியர் 1989 முதல், எண்பது வயதிலும் இருபது பல் என்பதை நாட்டின் குறிக்கோளாகக் கொண்டு இயக்கம் நடத்தி வருகின்றனர். எனக்கு இப்போது 23 உள்ளன.

"இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? ஆடுகிற பல்லோடு மற்றவற்றையும் எடுத்துவிட்டு முழுச் செட்டு வைத்துக்கொண்டால் ஒரே நாளில் தீர்ந்ததே" என்று கேட்பார் இங்கும் இருப்பர். ஊரில் என் தாயார் அவ்வாறே செய்தார். ஐம்பத்தைந்து வயதில் நல்ல பல், கெட்ட பல் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. மேற்செட்டு நின்றது; கீழ்ச்செட்டு ஒருநாளும் நிற்கவில்லை. பல் போன இடத்தில் எலும்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும். டால்கிரென் என்னும் அம்மையார் முழுச் செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதை 1972 ஆம் ஆண்டு வெளியிட்டார். என் தாயாரின் கீழ்ச்செட்டு பித்தளைச் சம்புடம் ஒன்றில் கிடந்தது. தீபாவளிக்கு முறுக்குச் சுற்றி எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தமக்கு மட்டும் பாலில் ஊறவைத்து உண்பார். அவர் வாயில் நான்கு பற்களைக் காத்திருந்தாலும் அவற்றைப் பற்றிக்கொண்டு ஒரு செட்டு நின்றிருக்கும். அன்று எங்களுக்கு அதைச் சொல்வாரில்லை.

மறுபுறம், 'பகுதிச் செட்டு வைத்தால் இருக்கும் பல்லும் கெடும்' என்பாரும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கின்றது. துலக்காமல், மருத்துவரிடம் திரும்பிச் செல்லாமல் அணிந்தால் கெடவே செய்யும். சுவீடன் நாட்டில் பெர்க்மன் முதலானோர் இத்தகைய செட்டு அணிந்த ஒரு சிறு குழுவினரைத் தொடர்ந்து கவனித்து, 10 ஆண்டு முடிவுகளை 1982-லும், 25 ஆண்டு முடிவுகளை 1995-லும் வெளியிட்டனர். தவறாமல் சோதனைக்கு வந்து வாயைத் தூய்மையாக வைத்திருந்தவர்களின் ஈறுக்குச் செட்டினால் பெருங்கேடு விளையவில்லை என்பதே அவர்கள் கண்டது. கெடுப்பது செட்டு அன்று, அசட்டை.

தாய்மார்களே, பெரியோர்களே! செட்டு அணிந்தோர் மறவாதிருக்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன். உணவுண்டபின் கழற்றிக் கழுவுங்கள். மென்மையான துலக்கியும் சோப்பும் போதும். பற்பசை செட்டைக் கீறும். வெந்நீர் அதை நெளிக்கும். நீர் நிரம்பிய பாத்திரத்தின்மேல் பிடித்துக் கழுவினால் கைதவறினும் உடையாது. கொக்கி பிடிக்கும் பற்களைத் தனிக் கவனத்தோடு துலக்குங்கள். பாரம் சுமப்பவை அவையே. இரவில் கழற்றித் தண்ணீரில் இட்டுவிட்டுப் படுங்கள். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். ஒன்றிரண்டு பற்களே உள்ள சிறு செட்டை உறக்கத்தில் விழுங்கிவிட்டவர்களும் உண்டு. அக்ரிலிக் மட்டுமே ஆனது எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரியாது. கொக்கி தளர்ந்தால் வீட்டிலேயே வளைக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எதுவும் வலிக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறைச் சோதித்துக்கொள்ளும்படி எனக்குச் சொல்லியிருக்கின்றார்கள். புகையிலையை அறவே விட்டுவிட்டேன். புகைப்பவர்க்கு ஈறில் இரத்தம் குறைவாகவே தோன்றும். அதனால் நோய் மறைந்திருந்து வளரும் என்பதையும் இளைஞர்கள் அறிய வேண்டும்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஏழை முதியோர்க்கு இலவசமாகப் பல்செட்டு அளிக்கக் கர்நாடகத்திலும் கேரளத்திலும் அரசுகள் திட்டம் வகுத்ததுண்டு. நாம் அவ்வளவு பெரிய காரியத்தில் இறங்க வேண்டியதில்லை. பல் மருத்துவக் கல்லூரி ஒன்றை அணுகி, அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் ஈறு சோதனை முகாம் நடத்துவோம். உடன் சர்க்கரையும் பார்ப்போம். நாற்காலி அடுக்கவும், வந்தவர் பெயரெழுதவும், அந்த ஆறாறு எண்களைக் குறித்துக்கொள்ளவும் ஒரு குமாஸ்தா இங்கே ஆயத்தமாக இருக்கின்றேன்.

நம் காலனியில் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளும் அம்மாமார் சிலரை நான் கண்டிருக்கின்றேன். நாணத்தினால் மறைக்கின்றனர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். கைக்குட்டையால் என் வாயை மறைத்த பிறகுதான் காரணம் விளங்கிற்று. அவர்கள் முகாமுக்கு முதலில் வரவேண்டும்.

சென்ற ஆண்டு சொல்லாமல் விட்ட நன்றியையும் சேர்த்து உங்கள் யாவர்க்கும் கூறி அமைகின்றேன். வாழ்க தமிழ்! வணக்கம்.